எல்லாம் பச்சை

என் அண்ணனுக்கு ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவில் பதவிப் பெயர் பெரியது. கதவில் ஒட்டிய பலகையில் இரண்டு வரிக்கு ஓடும். நான் வைத்த பெயர் பச்சை. தினமும் காலையில் பேக்கப் மென்பொருள் அவனுக்கு ஓர் அறிக்கை அனுப்பும். ஒவ்வொரு கணினியின் பெயருக்கு எதிரேயும் ஒரு பச்சை டிக். அதைப் பார்த்துவிட்டால் போதும், தானே உட்கார்ந்து விடிய விடிய நகல் எடுத்தவன் மாதிரி சோம்பல் முறிப்பான். அன்றைய வேலை முடிந்தது. அப்புறம் காபி, அப்புறம் மீட்டிங், அப்புறம் அந்த மீட்டிங்கைப் பற்றி இன்னொரு மீட்டிங்.

நான் அதே ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் கதிர்வீச்சு இயந்திரத்தை இயக்கும் டெக்னீஷியன். என்னிடம் வருகிற நோயாளிகளில் ஒருத்தி எங்கள் அம்மா. தொண்டையில் கட்டி. வார நாள் தவறாமல் கதிர் கொடுக்க வேண்டும், நடுவில் விட்டால் கட்டி மறுபடி தலைதூக்கும் என்று டாக்டரம்மா முதல் நாளே எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொல்லியிருந்தார். அண்ணன் தலையாட்டினான். தலையாட்டுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

எந்தக் கோணத்தில் எவ்வளவு கதிர் என்ற திட்டம் முழுக்க ஒரு சர்வரில் இருந்தது. சர்வர் என்றால் தனியாக ஒரு பெட்டி என்று நினைக்க வேண்டாம். இப்போது எங்கள் சர்வர்கள் எல்லாமே விர்ச்சுவல் மெஷின்கள், அதாவது வெறும் கோப்புகள். மாடியில் குளிரூட்டிய அறையில் ஒரே பெரிய சேமிப்புப் பெட்டிக்குள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடந்தன. அந்தப் பெட்டி படுத்தால் அத்தனையும் படுத்துவிடும். அதனால்தான் இரவுதோறும் நகல் எடுத்து வேறு கட்டடத்தில் வைக்கிறார்கள். ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை. பொறுப்பில் இருந்தவன்தான் என் அண்ணன்.

ஒரு மீட்டிங்கில் டாக்டரம்மா அவனிடம் கேட்டார்.

"சார், இந்த நகல்ல இருந்து எதையாவது ஒரு தடவை திரும்ப எடுத்துப் பாத்திருக்கீங்களா?"

"தீயணைப்பு வண்டி ஓடுதான்னு பாக்க வீட்டைக் கொளுத்துவாங்களா மேடம்?"

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அண்ணன் அதோடு விட்டானா? நகல்கள் அத்தனையையும் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டச் சொல்லியிருப்பதாகவும், திருடனே தூக்கிக்கொண்டு போனாலும் ஓர் எழுத்தைப் படிக்க முடியாது என்றும் மார்தட்டினான். அவன் வாயிலிருந்து வந்ததில் அது ஒன்றுதான் உண்மை.

அன்றைக்குக் காலையில் அம்மாவைப் படுக்க வைத்து, தலை அசையாமலிருக்க முகத்தின் மேல் வலைமூடியை மாட்டி, மேசையோடு இறுக்கியிருந்தேன். இயந்திரம் இன்னும் தொடங்கவில்லை. திரை அப்படியே உறைந்தது. அடுத்த அறையிலும் உறைந்தது. வரவேற்பில் கூச்சல் கேட்டது. ஓடிப்போய் அம்மாவின் மூடியைக் கழற்றினேன்.

"என்னடி, அதுக்குள்ள முடிஞ்சுதா?" அம்மாவுக்குக் குரல் பாதிதான் வரும்.

"சர்வர் போயிடுச்சும்மா."

"அண்ணன்கிட்ட சொல்லு. அவன் பாத்துக்குவான்."

பார்த்துக்கொள்வானாம்! பெற்ற வயிறு, வேறென்ன சொல்லும்? அம்மாவை வராந்தா நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு மாடிக்கு ஓடினேன். டாக்டரம்மா எனக்கு முன்பே அங்கே நின்றிருந்தார். சேமிப்புப் பெட்டி முற்றிலும் செத்துப்போயிருந்தது. அண்ணன் மட்டும் சுழல்நாற்காலியில் சாய்ந்து, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"ஏன் இப்படிப் பதறுற? பேக்கப் எதுக்கு இருக்கு? மதியத்துக்குள்ள எல்லாம் எழுந்து உக்காந்துடும்."

மாற்றுப் பெட்டி ஒன்றைத் தயார் செய்து, கதிர்வீச்சு சர்வரின் நகலைத் தேர்ந்தெடுத்து, எல்லோரும் பார்க்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு பட்டனை அழுத்தினான். திரை பாஸ்வேர்டு கேட்டது. அடித்தான். தவறு என்றது. பெரிய எழுத்தில் அடித்தான். தவறு. தன் மகள் பெயரை அடித்தான், வண்டி நம்பரை அடித்தான். பூட்டச் சொல்லி உத்தரவு போட்ட மகராசனுக்குச் சாவி எதுவென்றே தெரியாது.

பூட்டிய இன்ஜினியர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருந்தார். அவரைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டான்.

"அதை, பாஸ்வேர்டெல்லாம் சேத்து வைக்கற பெட்டக சாஃப்ட்வேர்ல போட்டிருக்கேனே சார். வேற எங்கயும் எழுதி வைக்கக் கூடாதுன்னு நீங்கதான கண்டிப்பா சொன்னீங்க?"

"சரி, அந்தப் பெட்டகம் எந்த மெஷின்ல இருக்கு?"

"அதுவும் ஒரு விர்ச்சுவல் மெஷின்தான் சார். மத்ததெல்லாம் இருக்கற அதே பெட்டியில."

அண்ணன் முகம் மலர்ந்தது. "அப்ப அதுக்கும் பேக்கப் இருக்குமே! தினமும் பச்சை காட்டுதே!"

"இருக்கு சார்." இன்ஜினியர் தயங்கினார். "அதைத் திறக்கவும் அதே பாஸ்வேர்டுதான் வேணும்."

பீரோச் சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, பூட்டு பத்திரமாக இருக்கிறதா என்று தினமும் காலையில் பார்த்துப் பூரித்தவன் என் கூடப்பிறந்தவன். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவனோ போனைக் கையில் வைத்துக்கொண்டு, "இவங்க சரியா டாக்குமெண்ட் பண்ணல" என்று காற்றிடம் புகார் சொன்னான். தூ!

செத்த பெட்டியைத் தயாரித்த கம்பெனிக்கு அனுப்பலாம், உள்ளே இருந்தது மீண்டு வந்தால் வரும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார்கள். டாக்டரம்மா அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை.

"பழைய ஸ்கேனும் அந்தப் பெட்டியோட போச்சு. மறுபடி முதல்லேருந்து புதுசா மூடி செய்யணும், புது ஸ்கேன், புதுத் திட்டம். எப்படி ஓடினாலும் ஒரு வாரம் போயிடும்" என்றார் என்னிடம். "அந்த ஒரு வாரம் கட்டிக்குத்தான் லாபம்."

அதைச் சொல்லிவிட்டு நோயாளிகளைப் பார்க்க விரைந்தார். நான் அண்ணனின் சட்டைக் கையைப் பிடித்தேன்.

"அம்மாகிட்ட நீதான் சொல்லணும். உன் வாயால சொல்லணும்."

"சொல்றேன், சொல்றேன். முகம் கழுவிட்டு வரேன்" என்று போனவன் தலையும் வாரிக்கொண்டு வந்தான்.

வராந்தாவில் அம்மா பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினாள். அண்ணன் உட்கார்ந்தான்.

"ஒண்ணும் இல்லம்மா. கீழ மெஷினுக்குச் சின்ன சர்வீஸ். கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு. உனக்கும் தொண்டை எரிச்சல் குறையும்."

"அப்படியாப்பா? உன் பக்கம் ஒண்ணும் பிரச்சினை இல்லையே?"

"சேச்சே! எங்க டிபார்ட்மெண்ட்ல எல்லாம் கன்ட்ரோல்ல இருக்கு."

"அப்ப புது மூடி எதுக்கு?"

"நீ மெலிஞ்சிட்டல்ல, அதுக்கு. அந்த டாக்டரம்மா முன்னாடியே மாத்தியிருக்கணும். கவனிக்காம விட்டுட்டாங்க."

"டேய்!" என்று கத்திவிட்டேன். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா கையை உயர்த்தி என்னை அடக்கினாள். பிறகு அவன் முகத்தையே பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை நான் அவளிடம் கண்டதில்லை.

"டாக்டரம்மா இப்பதான் வந்து, என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ஒண்ணு விடாம சொல்லிட்டுப் போனாங்க."

அண்ணன் பார்வை என் பக்கம் ஓடியது.

"நீ தொலைச்சதுக்குக்கூட எனக்குக் கோவம் இல்லடா. வேலைன்னா தப்பு வரும். ஆனா இது என் கழுத்து. இதுலயுமா பொய்?"

அவளுக்கு மூச்சு வாங்கியது. நாற்காலிக் கையைப் பிடித்து எழப் பார்த்தாள். அண்ணன் பதறி எழுந்து தாங்கிக்கொள்ளக் கை நீட்டினான். அம்மா அந்தக் கையைத் தொடாமல் சுற்றி வந்து என் தோளைப் பிடித்தாள்.

"நீ போய் உன் வேலையைப் பாருப்பா" என்றாள் அவனிடம். "வாடி, மூடிக்கு அளவெடுக்கலாம்."