முள் எட்டாத நாலு மூலை

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் காதால் கேட்டது ஒரே ஒரு வாக்கியம். மற்றதெல்லாம் நான் கட்டியது.

என் கைக்கடிகாரத்தின் வார் அறுந்துபோய், எங்கள் ஊரின் மியூக்லிட்ஸ் ஆற்றங்கரைச் சாலையில் இருக்கும் கடிகாரக் கடையில் உட்கார்ந்திருந்தேன். டிசம்பர் மாதத் தொடக்கம். ஒரு முதிய பெண் கண்ணாடி மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் முன் ஒரு தட்டு. அதில் நான்கு சதுரக் கடிகாரங்கள், நான்கு நிறத்தில். கடைக்காரர் ஐந்தாவதாக ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, இது பேட்டரியில் ஓடுவது, தொல்லையே இல்லை என்றார்.

"தொல்லை இல்லாதது எனக்கு வேண்டாம் தம்பி" என்றாள் அவள்.

அவ்வளவுதான். என் வார் தயாராகிவிட்டது, நான் எழுந்து வந்துவிட்டேன். மணிக்கட்டில் புது வாரும் மனத்தில் அந்த வாக்கியமுமாக வீடு சேர்ந்தேன். வார் இரண்டு நாளில் பழகிவிட்டது.

2.

மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

முதல் தொடக்கம்: "சதுரக் கடிகாரம் வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது கனம். சட்டைக் கைக்குள் தடையில்லாமல் நுழைகிறதா என்று பாருங்கள். சாவி கொடுத்து ஓடும் கடிகாரம்தான் இவ்வளவு மெல்லியதாக அமையும்; தானாகச் சாவி ஏறுவதற்கு உள்ளே இன்னொரு தகடு சுழல வேண்டும், அது பருமனைக் கூட்டும். அடுத்தது நிறம். கடை விளக்கில் நிறத்தை நம்பாதீர்கள். வாசலுக்கு எடுத்துப் போய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கடைசியாக மூலைகள். கூடு சதுரமாக இருந்தாலும் முள் வட்டமாகத்தான் சுற்றும். ஆகவே எந்தச் சதுரக் கடிகாரத்திலும் முள் எட்டாத நாலு மூலைகள் மிச்சம் இருக்கும். அங்கே வெறும் நிறம் மட்டுமே—"

[இங்கே நிறுத்தினேன். நல்ல கட்டுரை ஆகியிருக்கும். ஆனால் அந்தப் பெண் எங்கே?]

இரண்டாம் தொடக்கம்: "ரோஸ்விதா செத்துக்கொண்டிருந்தாள், அவளுடைய தங்கையோ—"

[இதையும் விட்டேன். ஒருத்தியை வாசகருக்கு அறிமுகம் செய்யும் முதல் வார்த்தையிலேயே சாகடிப்பது மரியாதை இல்லை.]

மூன்றாவது கீழே வருகிறது.

3.

ஹைட்ரூன் முப்பது வருடம் இந்தப் பள்ளத்தாக்கில் தபால் கொடுத்தவள். நடை அவளுக்குப் பழக்கம், பேச்சு பழக்கமில்லை. அக்கா ரோஸ்விதா நேர்மாறு. கடிகாரத் தொழிற்சாலையில் முகப்புகளில் எண் அச்சடிக்கும் பிரிவில் இருந்தவள். கை வேலை செய்யும், வாய் ஊர்வம்பு பேசும்.

இப்போது ரோஸ்விதா மேட்டுத் தெருவில் இருக்கும் இல்லத்தில் படுத்திருக்கிறாள். அங்கே போகிறவர்கள் திரும்பி வருவதில்லை என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. ஹைட்ரூன் ஞாயிறுதோறும் போவாள். நாற்காலியில் உட்காருவாள். கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொள்வாள்.

"என்னடி, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவ மாதிரி உட்கார்ந்திருக்க?" என்பாள் ரோஸ்விதா.

"சும்மாதான்க்கா."

"சும்மா இருக்க நான் போதும். நீ ஏதாவது பேசு."

ஹைட்ரூன் மடியில் இருக்கும் கையைப் பார்ப்பாள்.

இலையுதிர் காலத்தில், ரோஸ்விதா இன்னும் நடந்துகொண்டிருந்தபோது, இருவரும் அந்தக் கடை ஜன்னல் முன் நின்றார்கள். "வேலை பார்த்த காலம் பூரா வெள்ளை முகப்பும் கறுப்பு எண்ணும்தான் பார்த்தேன். அதுவும் வட்டம், எல்லாம் வட்டம்" என்றாள் ரோஸ்விதா. "சதுரமா, மெல்லிசா, கலர்ல ஒண்ணு. பாருடி, மிட்டாய் மாதிரி இருக்கு." பிறகு உடனே, "பிறந்தநாளுக்கு எதையாவது வாங்கித் தொலைக்காதே. எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றாள். ரோஸ்விதா வேண்டாம் என்றால் என்ன அர்த்தம் என்பது தங்கைக்குத் தெரியும்.

பிறந்தநாள் டிசம்பர் நடுவில். அந்த நாளை அக்கா கண்ணால் பார்ப்பாளா என்று இல்லத்து நர்ஸ் மரைக்கேயிடம் கேட்டாள் ஹைட்ரூன். மரைக்கே அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "தேதி போட்டு எதையும் வச்சுக்காதீங்கம்மா" என்றாள்.

அப்படியானால் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஊரில் கேட்க மாட்டார்கள். பிறந்தநாளுக்கு முன்னால் வாழ்த்துச் சொல்லக் கூடாது, பரிசு தரக் கூடாது. தந்தால் அந்த நாள் வராமல் போகும். தேவாலயத்தில் முன்வரிசையில் உட்காருகிறவர்கள்கூட இந்த ஒன்றை நம்புகிறார்கள். நானும் நம்புகிறேன், ஆண்டவர் மன்னிப்பாராக.*

ஹைட்ரூனுக்குப் பயம் இரண்டு. முன்னால் கொடுத்தால் சாவைத் தானே கூப்பிட்ட மாதிரி. அதைவிடப் பெரியது, அக்கா அந்தப் பெட்டியைப் பார்த்த மாத்திரத்தில், 'நீ அதுவரைக்கும் இருக்க மாட்டே' என்று தங்கை சொல்வதாகப் புரிந்துகொள்வாள். காத்திருந்தாலோ, கடிகாரம் பெட்டியிலேயே இருந்துவிடும்.

(* எங்கள் போதகரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "மூடநம்பிக்கை" என்றார். அவருடைய பிறந்தநாள் மறுநாள் என்று எனக்குத் தெரியும். "முன்கூட்டியே வாழ்த்—" என்று வேண்டுமென்றே ஆரம்பித்தேன். சட்டென்று என் வாயைப் பொத்திவிட்டார்.)

4.

ஆக, தீர்வு தெரியாமலேதான் ஹைட்ரூன் கடைக்குள் நுழைகிறாள். கடைக்காரருக்கு ஃபால்க் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

தட்டில் வெளிர்நீலம், ராஸ்பெரிச் சிவப்பு, பாசிப்பச்சை, பாதாமிப் பழத்தின் இளம் ஆரஞ்சு நிறம். ஒவ்வொன்றாக எடுத்து, தன் கம்பளிச் சட்டைக் கைக்குள் செருகிச் செருகிப் பார்த்தாள்.

"நல்லா நுழையுது. யாருக்கும்மா? உங்களுக்கா?"

"அக்காவுக்கு. பிறந்தநாளுக்கு."

ஃபால்க் வாழ்த்து எதுவும் சொல்லவில்லை. என்றைக்கு என்றுதான் கேட்டார். சொன்னாள்.

"அவங்களுக்கு விரல்ல பலம் இருக்கா? இதுக்குத் தினமும் சாவி குடுக்கணும்."

"ஸ்பூனே பிடிக்க முடியல."

அப்போதுதான் அவர் பேட்டரிக் கடிகாரத்தை எடுத்துவந்தார். அப்போதுதான் அவள் அந்த வாக்கியத்தைச் சொன்னாள். நான் கேட்டது அந்த ஒன்றுதான். இனிமேல் என் பொறுப்பு.

"தொல்லை இல்லாதது எனக்கு வேண்டாம் தம்பி. சாவி குடுக்க நான் போவேன். தினமும் போவேன். அங்க போனா என் கைக்கு ஒரு வேலை வேணும்."

ஃபால்க் பேட்டரிக் கடிகாரத்தைத் திருப்பி உள்ளே வைத்தார். தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்குப் போனார். அவளும் போனாள். வெளியே பனி வெளிச்சம். உள்ளே அழகாகத் தெரிந்த நீலம் அங்கே சாம்பலாகிவிட்டது. பச்சை கறுத்தது. சிவப்பு அதிகம் சத்தம் போட்டது. பாதாமி மட்டும் விளக்கு எரியும் அடுப்பங்கரை ஜன்னல் மாதிரி இருந்தது.

"இதுதான்" என்றாள். பிறகு, "பிறந்தநாள் வரைக்கும் இருப்பாளான்னு தெரியல" என்றாள். குளிரில் வாய் தானாகத் திறந்துகொண்டது போல.

ஃபால்க் தட்டில் விழுந்த பனித்துகளைத் துணியால் ஒற்றினார். "நாளை மறுநாள் நிக்கோலாஸ் நாள். ஷூவுல வச்சிருங்க." டிசம்பர் ஆறுக்கு முந்தின இரவு பிள்ளைகள் துடைத்துக் கதவோரம் வைக்கும் ஷூவுக்குள் புனித நிக்கோலாஸ் பரிசு வைத்துவிட்டுப் போவார் என்பது எங்கள் ஊர் வழக்கம்.

"எழுபத்தொன்பது வயசுக்காரிக்கா?"

"நிக்கோலாஸ் வயசு கேட்டதா நான் கேள்விப்படல. அது பிறந்தநாள் பரிசு இல்லையே. எந்த சாஸ்திரமும் கெடாது."

[இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, மறைக்காமல் சொல்கிறேன். ஒரு விற்பனையாளரின் வாயில் வரும் நல்ல யோசனையில் எத்தனை பங்கு நல்லது, எத்தனை பங்கு விற்பனை? ஒரு வரைவில் ஃபால்க்கைக் கெட்டிக்கார வியாபாரியாக எழுதினேன். கதை சுறுசுறுப்பானது, நான் சோர்ந்துபோனேன். உலகத்தில் நடக்கும் சிறிய நன்மைகளில் பாதி, வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் போகிறபோக்கில் செய்தவை. அதில் கலப்படம் இருக்கலாம். பசித்தவனுக்கு ரொட்டி கிடைத்தபின் மாவு எந்த ஆலையில் அரைத்தது என்று நான் கேட்பதில்லை. அந்த வரைவை அடுப்பில் போட்டேன்.]

பெட்டியைக் கட்டுவதற்கு முன் ஃபால்க் சாவி கொடுக்கும் விதத்தைக் காட்டினார். "ரெண்டு விரலால, மெதுவா. உள்ளே ஒரு தடை வரும். தெரியும் உங்களுக்கு, விரலே சொல்லும். அங்க நிறுத்திடணும். அதுக்கு மேல ஒரு சுத்துகூட வேண்டாம்."

5.

ஷூ வேண்டும். ஆனால் ரோஸ்விதாவிடம் ஷூ இல்லை.

அவள் இல்லத்தில் சேர்ந்த அன்றே கோட்டையும் தோல் ஷூவையும் ஒரு பையில் போட்டு, வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். ஹைட்ரூன் அந்தப் பையைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருந்தாள். ஐந்தாம் தேதி பிற்பகல் அதைப் பிரித்தாள். ஷூவின் அடியில் இலையுதிர் காலத்துச் சேறு காய்ந்திருந்தது. கடை ஜன்னல் முன்னால் நின்ற அன்றைய சேறாக இருக்கலாம்.

[சேறு அன்றையதுதான் என்று முதலில் உறுதியாக எழுதினேன். ஆனால் அவளுக்கே தெரியாததை நான் எப்படிச் சொல்வது?]

அழுக்கு ஷூவில் நிக்கோலாஸ் எதுவும் வைக்க மாட்டார், அடிக்கிற குச்சிதான் வைப்பார். சின்ன வயதில் ஹைட்ரூனின் ஷூவையும் சேர்த்துத் துடைத்துக் கொடுத்தவள் ரோஸ்விதா. இப்போது ஹைட்ரூன் அடுப்பங்கரை மேசையில் செய்தித்தாளை விரித்து, மெழுகு பூசி, தன் முகம் மங்கலாகத் தெரியும்வரை தேய்த்தாள்.

மாலையில் இல்லத்துக்குப் போனபோது ரோஸ்விதா தூங்கிக்கொண்டிருந்தாள். ஷூக்களை அறைக் கதவுக்கு வெளியே வைத்தாள். வலது ஷூவுக்குள் பெட்டி. நீண்ட நடைக்கூடத்தில், எல்லாக் கதவுகளும் மூடியிருக்க, அந்த ஒரு ஜோடி மட்டும் நின்றது. யாரோ வெளியே கிளம்பத் தயாராகிற மாதிரி இருந்தது. தப்பு செய்துவிட்டோமோ? திரும்ப எடுக்கக் குனிந்தாள்.

"இருக்கட்டும்மா" என்றாள் பின்னால் வந்த மரைக்கே. "நான் பாத்துக்கறேன்."

6.

மறுநாள் காலை ஹைட்ரூன் வந்தபோது நடைக்கூடத்தில் எல்லாக் கதவுகளுக்கு முன்னாலும் ஷூ இருந்தது. இல்லாதவர்களுக்குக் கம்பளிச் செருப்பு. ஒரு கதவின் முன் மரைக்கேயின் சொந்தப் பனி பூட்ஸ். எல்லாவற்றிலும் ஒரு மாண்டரின் ஆரஞ்சும் ஒரு வால்நட்டும்.

[இது என் திட்டத்தில் இல்லை. மரைக்கே, "நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நானும் சரி என்று விட்டுவிட்டேன். காலையில் வந்து பார்த்தால் இப்படி.]

ஹைட்ரூனும் மரைக்கேயும் ஷூவை உள்ளே கொண்டுவந்து போர்வை மேல் வைத்தார்கள்.

"நடக்க முடியாதவளுக்கு ஷூ எதுக்குடி?" என்றாள் ரோஸ்விதா. பிறகு தோலைத் தொட்டுப் பார்த்தாள். "நீயா துடைச்சே? குதிகால் பக்கம் விட்டுட்டே. அப்பவும் விடுவே."

ஹைட்ரூன் பெட்டியை எடுத்துத் திறந்து காட்டினாள். ரோஸ்விதா ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்ததைத் தங்கை அதுவரை பார்த்ததில்லை. பாதாமி நிறச் சதுரம் வெள்ளைப் போர்வையில் கிடந்தது. ரோஸ்விதாவின் பார்வை கடிகாரத்திலிருந்து ஷூவுக்கும், ஷூவிலிருந்து தங்கையின் முகத்துக்கும் போயிற்று. அங்கேயே நின்றது.

தெரிந்துவிட்டது. எல்லாம் தெரிந்துவிட்டது.

"இதப் பாரு" என்றாள் ரோஸ்விதா. "இது நிக்கோலாஸ் குடுத்தது. பிறந்தநாளுக்கு இதையே காட்டி என்னை ஏமாத்தலாம்னு நினைக்காதே. அதுக்கு நீ தனியா வாங்கணும்."

"வாங்கறேன்க்கா."

"கேக்கும் வேணும்."

"கேக்கும்."

"அழாதடி. கட்டி விடு."

வார் கடைசித் துளைக்குப் போயும் தளர்வாக இருந்தது. கடிகாரம் மணிக்கட்டில் சரிந்து உள்பக்கம் போனது. ஹைட்ரூன் அதைத் திருப்பி, இரண்டு விரலால் சாவி கொடுக்கத் தொடங்கினாள்.

"தினமும் குடுக்கணுமா?"

"குடுக்கலைன்னா நின்னுடும்."

"அப்ப தினமும் வருவே."

"தினமும் வருவேன்."

ரோஸ்விதா கடிகாரத்தை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகச் சொன்னாள். "எத்தனை ஆயிரம் முகப்பு அச்சடிச்சிருக்கேன். ஆனா பாரு, இந்த மூலைக்கு முள்ளு வரவே வராது. நாலு மூலையிலயும் சும்மா கலர் மட்டும்" என்றாள். அதில் என்ன கண்டாளோ, சிரித்தாள்.

7.

இனி முடிவு. மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்று: அன்று மாலையே, கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே— [சுருக்கமானது. கண்ணீர் நிச்சயம். ஆனால் மரைக்கே அத்தனை கதவிலும் ஷூ வைத்தது இதற்கா?]

இரண்டு: பிறந்தநாள் வருகிறது, கேக் வருகிறது, எல்லாரும் பாடுகிறார்கள், அதன்பின் ஒரு வசந்தமும்— [இப்படி நடக்க வேண்டும் என்று ஜெபிக்கலாம். எழுதினால் பொய்.]

மூன்று: ஒருநாள் பனி கொட்டி பஸ் ஓடவில்லை. ஹைட்ரூன் மேட்டுத் தெருவில் நடந்தே ஏறுகிறாள். கடிகாரம் நின்றிருக்குமோ என்று பயம். போய்ப் பார்த்தால், யாரோ ஏற்கெனவே சாவி கொடுத்துவிட்டு— [மூன்றில் இது எனக்குப் பிடித்தது. யார் கொடுத்தார்கள் என்பதைக் கண்டுபிடிக்க முடியவில்லை.]

மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எந்த முடிவை எழுதினாலும் அது ரோஸ்விதாவின் பிறந்தநாளுக்கு முன்னால் நான் கொடுக்கும் பரிசாக ஆகிவிடும். எங்கள் ஊரில் அப்படிச் செய்வதில்லை.

ஆகவே அந்த அறையை அப்படியே உங்களிடம் விட்டுப்போகிறேன். ஜன்னலில் பனி வெளிச்சம். போர்வை மேல் பளபளக்கும் ஷூ, குதிகால் பக்கம் மட்டும் கொஞ்சம் மங்கல். ஹைட்ரூன் குனிந்து சாவி கொடுத்துக்கொண்டிருக்கிறாள். இன்று அவள் கைக்கு வேலை இருக்கிறது. அவர்களைப் பற்றி நினைக்கிறபோதெல்லாம் நீங்களும் ஒரு சுற்று கொடுங்கள்.

என் விரலில் ஒரு தடை தெரிகிறது. இங்கே நிறுத்திவிட வேண்டும்.