மாறிய அட்டைகள்

பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அக்காவின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தாள் ருகேயா. இரண்டு நாளாகப் பேச்சில்லாமல் கிடந்த வாஷீலா கண்ணைத் திறந்து, "ஏழுல இருக்கிறது ஒம்போதுல இருக்கணும்" என்றாள்.

"எது அக்கா?"

"எலி."

வலி மருந்து பேசுகிறது என்று நினைத்தாள் ருகேயா. ஆனால் வாஷீலாவின் பார்வை தெளிவாக இருந்தது.

மலையடிவாரத்துப் பல்கலைக்கழகத்தில் பத்தொன்பது வருடமாக எலிகளைப் பார்த்துக்கொண்டவள் அவள். எலிகளுக்கு மார்பில் புற்றுக்கட்டி வளர்ப்பார்கள். அதன்மேல் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கண்ணாடி பதித்து, உடம்பின் காவல் செல்கள் பச்சையாக மின்னிக்கொண்டு கட்டிக்குள் நுழைகின்றனவா என்று டாக்டர் நோமாலங்கா அம்மா மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பார். பாதி எலிகளுக்குப் புது மருந்து, மீதிக்கு வெறும் உப்புத் தண்ணீர். எந்தக் கூண்டுக்கு எது என்பதைக் கூண்டில் செருகிய அட்டை சொல்லும். அட்டையைச் செருகுவது வாஷீலா. சுவர்க் கடிகாரம் தப்பினாலும் தப்பும், வாஷீலாவின் அட்டை தப்பாது என்பார் டாக்டர். அதே நோய் தன் மார்பிலும் வந்தபோது, "எலிங்க சாபம் பலிச்சிருச்சு" என்று சிரித்தவள்தான் அவள்.

"ஈரலுக்குப் பரவிருச்சுன்னு சொன்னாங்கல்ல, அதுக்கு மறுநாள். கூண்டு கழுவினேன். அட்டையை மாத்திச் சொருகிட்டேன்." மூச்சு வாங்கியது. "ரெண்டு நாள் கழிச்சுத்தான் காதைப் பார்த்தேன்."

ஒவ்வொரு எலியின் காதிலும் அடையாளத்துக்கு ஒரு வெட்டு உண்டு. அட்டை பொய் சொன்னாலும் காது சொல்லாது.

"டாக்டர்கிட்ட சொல்லலியா?"

"அதுக்குள்ள மருந்து மாறிப் போயிருச்சு. அந்த வாரந்தான் கட்டுரையில என் பேரையும் போடறேன்னாங்க." கண்ணோரம் ஈரமானது. "இன்னிக்கு ரெண்டு மணிக்கு எலிங்களை முடிச்சிருவாங்க. காதெல்லாம் குப்பைக்குப் போயிரும். நீ சொல்லி மாஃப் வாங்கிக் குடு."

சாகும் முன் ஒருவரிடம் ஒருவர் கேட்கும் மன்னிப்புதான் மாஃப். போன வாரம் முழுக்கத் தெருவே கட்டிலருகில் வந்து மாஃப் கேட்டுவிட்டு, மாஃப் சொல்லிவிட்டுப் போனது. பக்கத்து வீட்டு ஃபதீலா தன் பூனையை வாஷீலா திட்டியதற்குக்கூட மன்னித்தாள். டாக்டர் வந்து உட்கார்ந்த அன்று மட்டும் வாஷீலா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். வலி என்றுதான் ருகேயா நினைத்திருந்தாள்.

பன்னிரண்டு பத்துக்கு மூச்சு நின்றது.

அண்ணன் சாலி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். "வெள்ளிக்கிழமைச் சாவு. இந்தப் புண்ணியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?" என்று அழுதான். ருகேயா அவனைச் சமையலறைக்கு அழைத்துப் போய் விஷயத்தைச் சொன்னாள். அழுகை அங்கேயே நின்றுவிட்டது.

"மயக்கத்துல உளறியிருக்கா."

"உளறலண்ணே."

"கொஞ்ச நேரத்துல பள்ளிவாசல்ல முந்நூறு பேர் அவளுக்காகக் கையேந்தப் போறாங்க. நீ போன் போட்டு அவளைப் பொய்க்காரின்னு சொல்லப்போறியா? அதுவும் எலிக்காக?"

"எலிக்காக இல்ல. அந்த மருந்து கேக்குதுன்னு தப்பா நம்பி, நாளைக்கு எவளோ ஒருத்தி உடம்புல ஏத்திக்குவாளே."

"அவளுக்கு இனிமே வாய் கிடையாது. அவ வாயா நீ பேசாதே." தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு தொழுகைக்குக் கிளம்பிவிட்டான்.

பெண்கள் உடலைக் குளிப்பாட்டும் பலகையைக் கொண்டுவந்து வைத்தார்கள். மணி ஒன்று ஐம்பத்தைந்து. அண்ணன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வாஷீலாவுக்கு ஊரில் இருந்த சொத்தே அந்த நல்ல பெயர்தான். ருகேயா கொல்லைப்புறம் போய் டாக்டரின் எண்ணைப் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் ஓய்ந்தது. எலி அறைக்குள் போனை எடுத்துப் போகக்கூடாது என்று அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது. வாயில் காவலறைக்குப் போட்டாள்.

"உள்ள வேலை நடக்குதும்மா. தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு உத்தரவு" என்றான் காவலாளி.

"வாஷீலா தங்கச்சி பேசறேன். அவ செத்துட்டா. கூப்பிடுங்க."

ஏழு நிமிடம் காத்திருந்தாள். காவலாளி எலி அறைச் சுவரில் இருந்த போனுக்கு இணைப்பு கொடுத்தான்.

"ருகேயா, எங்களுக்குச் சேதி வந்துச்சு" என்றார் டாக்டர். "நாலு மணிக்கு வந்துடறேன்."

"ஆரம்பிச்சிட்டீங்களா?"

"முதல் கூண்டு முடிஞ்சுது. ஏன்?"

"நிறுத்துங்க. ஏழும் ஒம்போதும் காதைப் பாருங்க."

மறுபடியும் ஏன் என்று டாக்டர் கேட்கவில்லை. வாஷீலாவோடு பத்தொன்பது வருடப் பழக்கம். கூண்டு மூடி திறக்கும் சத்தமும், யாரோ பட்டியலைப் படிக்கும் சத்தமும் கேட்டன. "இடது காது, ரெண்டு வெட்டு... இது இங்க இருக்கக்கூடாதே." கூண்டு மூடியை மறுபடியும் மூடும் சத்தம் கேட்டது.

"அவளுக்கு எப்பத் தெரியும்?"

"ஏழு வாரமா தெரியும். உங்ககிட்ட மாஃப் கேக்கச் சொன்னா. மண்ணுக்குள்ள போறதுக்கு முன்னால."

"எட்டு மாச வேலை, ருகேயா. போன வாரம் அவ பக்கத்துல உக்காந்து ஆரஞ்சு உரிச்சுக் குடுத்தேன். அப்பவும் ஒரு வார்த்தை சொல்லல." என்றார் டாக்டர். "இப்ப மன்னிச்சேன்னு சொன்னா அது வெறும் வாய்வார்த்தை. என்னால சொல்ல முடியல."

போன் வைக்கப்பட்டது.

ருகேயா உள்ளே வந்து அக்காவைக் குளிப்பாட்டினாள். மார்பில் தையல் தழும்பு இருந்த இடத்தில் தண்ணீரை மெதுவாக ஊற்றினாள். தப்பு செய்துவிட்டோமோ என்று நினைத்தாள். அக்காவின் பெயரும் போயிற்று, மாஃபும் கிடைக்கவில்லை.

நான்கு மணிக்கு வெள்ளைத் துணி சுற்றி, முகம் மட்டும் திறந்து, கூடத்தில் கிடத்தினார்கள். வெளியே ஆண்கள் மழையில் நின்றிருந்தார்கள். உள்ளே வந்து தங்கையின் முகத்தைப் பார்த்ததுமே, அவள் போன் போட்டுவிட்டாள் என்று சாலிக்குப் புரிந்துவிட்டது.

"மூடலாமா? இன்னும் யாராவது பார்க்கணுமா?" என்றார் இமாம்.

"எல்லாரும் பார்த்தாச்சு" என்றான் சாலி.

"இல்ல, ஒருத்தங்க பாக்கணும்" என்றாள் ருகேயா. துணியின் ஓரம் அவள் கையில் இருந்தது.

இமாம் கடிகாரத்தைப் பார்த்தார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "மழை வலுக்குது, ருகேயா" என்றாள் ஃபதீலா. ருகேயா துணியை விடவில்லை. நான்கு இருபதாயிற்று. சாலி முன்னால் வந்து அவள் கைமேல் கை வைத்தான். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினான்.

அப்போது வாசலில் கூட்டம் விலகியது. டாக்டர் நோமாலங்கா செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு உள்ளே வந்தார். நெற்றியில் ஆய்வகத் தொப்பி அழுத்திய கோடு இன்னும் இருந்தது. கண்கள் சிவந்திருந்தன. யாரையும் பார்க்காமல் கூடத்தின் நடுவில் நின்றார்.

ருகேயா கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, அக்காவின் தலைமாட்டில் அவருக்கு இடம் விட்டாள்.