மீந்துபோன ஒரு முட்டை

நேசமணியை அவள் மகன் பெங்களூருக்கு அழைத்துப்போன அந்த வாரமே கிளமெண்ட் முட்டைகளைக் கண்டுபிடித்தார். பழைய தங்கச் சுரங்கக் குடியிருப்பான சாம்பியன் ரீப்ஸில் இருவருக்கும் அடுத்தடுத்த வீடு. அவள் வீட்டுக் கொல்லையில், உடைந்த தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், சருகுக்குள் ஐந்து கூஸ் வாத்து முட்டைகள். வாத்துகளை விற்றுவிட்டுப் போனவள் கண்ணுக்கு இவை தப்பியிருந்தன.

போன் செய்தார்.

"ஆம்லெட் போட்டு துன்னுங்க" என்றாள்.

"மனசு வரல. பொரிக்க வெக்கலாமா?"

"இன்னாங்க, நெஜமாவா?" அவள் குரல் சட்டென்று மாறியது.

லைன் வீடுகளில் எல்லாருக்கும் அவர் கிளமெண்ட் அண்ணன். அவள் மட்டும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவள் புருஷனும் இவர் மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு, சுவருக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நின்று தண்ணீர் லாரியைப் பற்றிப் பேசியே வருஷங்கள் ஓடிவிட்டன. பேச வேண்டியதை இவர் பேசுவதற்குள் டெம்போவில் சாமான் ஏறிவிட்டது.

அவள் சொல்லச் சொல்ல, தெர்மோகோல் பெட்டியில் பல்பு மாட்டி, கிண்ணத்தில் தண்ணீர் வைத்தார். வேளைக்கு வேளை முட்டைகளைப் புரட்டினார். கரண்ட் போனால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தார். மகனும் மருமகளும் ஆபீஸ் கிளம்பியதும் அவளே கூப்பிடுவாள். முட்டையில் தொடங்கும் பேச்சு எங்கெங்கோ போகும்.

"இங்க பால்கனில நின்னா காக்காகூட கீழதாங்க பறக்குது" என்றாள் ஒருநாள்.

கதவைச் சாத்தி, செல்போன் டார்ச்சின் மேல் முட்டைகளை வைத்துப் பார்த்தார். நான்கில் சிவப்பு நரம்பு ஓடியது. ஐந்தாவது வெறும் வெளிச்சமாக இருந்தது.

"இருக்கட்டும், பாப்போம்" என்றாள் அவள்.

நான்கும் பொரித்தன. ஈரக் குஞ்சுகளை வீடியோவில் பார்த்துச் சிரித்தவள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இனி எதற்குக் கூப்பிடுவாள் என்று அப்போதுதான் கிளமெண்டுக்கு உறைத்தது.

"அந்த அஞ்சாவது?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்ல."

மறுநாளும் கேட்டாள். அடுத்த வாரமும் கேட்டாள். குஞ்சுகள் அவர் காலைச் சுற்றித் திரிந்தன. பெட்டியில் பல்பு எரிந்துகொண்டே இருந்தது. கடைசியில் வீடெல்லாம் நாறியது.

"நேசமணி, அது கூமுட்டை. எனக்கு அன்னிக்கே தெரியும்."

"எனக்கு மட்டும் தெரியாதா? எத்தினி வருஷமா வாத்து வளத்தவ நானு."

"அப்பறம் ஏன் கேட்டுகினே இருந்தீங்க?"

 அவள் பால்கனிக் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"வந்துடுங்க நேசமணி" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அங்கே காலிங்பெல் அடித்தது. "மருமவ வந்துட்டா" என்று போனை வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் முட்டையைக் கொல்லையில் புதைத்தார். மறுநாள் போன் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. தானே கூப்பிடலாமா என்று போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். குஞ்சுகளுக்குக் கீரை அரிந்து போடும்போதும் போனைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வீடு திரும்பும் வழியில் போன் அடித்தது.

"குஞ்சுங்க நல்லா துன்னுதா?"

"துன்னுது."

"செரி" என்றாள். "என் வூட்ட வாடகைக்கு கேட்டுகினு யார்னா வந்தா, காலி இல்லன்னு சொல்லிடுங்க."

"சொல்றேன்" என்றார் கிளமெண்ட். நடுத்தெருவில் நின்றுவிட்டிருந்தார்.