ஈரத் தரை

...இந்த இடத்தில் பண்ணையார் என்ன சொல்லியிருப்பான், மெக்சிகோக்காரன் வாய் அசைகிறது, அடியில் அரபி எழுத்து ஓடுகிறது, எனக்கு இரண்டும் தெரியாது, ஆனாலும் பி.ஏ. படித்தவனுக்கு எல்லா பாஷையும் தெரியும் என்பது துபாய் அல் குசைஸ் லேபர் கேம்ப்பில் எங்கள் ரூமின் நம்பிக்கை, அதனால் வெள்ளிக்கிழமை மத்தியானம் எந்த விசிடி ஓடினாலும் தமிழ்க் குரல் நான்தான்... பழைய கறுப்பு வெள்ளைப் படம், பண்ணையார் வேலைக்காரனைச் சாட்டையால் விளாசுகிறான், விளாசிய கையோடு மாதா சப்பரத்துக்கு முன்னால் நடக்கிறான், வேடிக்கை பார்த்த ஊரே மெழுகுவர்த்தி பிடிக்கிறது. "நாசமாப் போறவன்" என்று பன்னீர்செல்வம் அண்ணன் லுங்கி நுனியால் கண்ணைத் துடைக்கிறார், அதே கைதான் திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டது, எனக்கு எதிராக. சைட்டில் ஃபோர்மேன் என்னை அறைந்தபோது ஏழு பேர் நின்றார்கள், அன்றிலிருந்து இடது காதில் ஏசி ஓடுகிற சத்தம், கரண்ட் போனாலும் ஓடுகிறது, வசதிதான்... நாளைக் காலை லேபர் ஆபீஸில் விசாரணை, ஒரே ஒரு சாட்சி போதும், இல்லாவிட்டால் பொய்ப் புகார் என்று விசாவை கேன்சல் பண்ணி ஊருக்கு ஏற்றிவிடுவார்கள், ஏழு பேரும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள், ஈரத் தரையில் வழுக்கி விழுந்தானாம், ஜூலை மாத துபாயில் ஈரத் தரை! அருள்முருகனுமா? என்னோடு ஒரே தட்டில் சாப்பிடுகிறவனா?

திரையில் ஊர்க்காரன் ஒருவன் வாயைத் திறந்தான், நான் முந்திக்கொண்டேன். "எசமான், அவன் ஈரத் தரையில வழுக்கி விழுந்தான், நாங்க ஏழு பேரும் பாத்தோம்." சப்பரம் நகர்கிறது. "அப்படியா சொல்றான்?" என்றார் அண்ணன். "ஆமாண்ணே, அரபில தெளிவாப் போட்டிருக்கு." அருள்முருகன் தலை நிமிரவில்லை. "அது நீ எழுதுனதுதானடா" என்றான். "போன வருசம் ராமையாண்ணன் கேஸுக்கு நம்ம எல்லார் பேர்லயும் நீதான இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்த. பேர மட்டும் மாத்துனோம்."

ராமையா... அதே ஃபோர்மேன், அவருக்கு உதடு கிழிந்திருந்தது, எண்ணெய்த் தரை என்று எழுதி, அடித்து, ஈரத் தரை என்று திருத்தினேன், அதுதான் நம்பும்படி இருக்கும் என்று, கட்டுரைப் போட்டி மாதிரி... ஊருக்கு அனுப்பப்படுவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை இதே கட்டில் நுனியில்தான் உட்கார்ந்திருந்தார், என் குரலுக்கு எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார், என்னையே பார்த்துக்கொண்டு... அன்றைக்கு ஓடியது சிரிப்புப் படமா? "படம் போவுதுடா, பேசு" என்கிறார் அண்ணன். அடிபட்ட வேலைக்காரனின் முகத்தைக் கிட்டத்தில் காட்டுகிறார்கள், வாய் அசைகிறது, அசைந்துகொண்டே இருக்கிறது, இவன் என்ன சொல்லுவான், இவனுக்கு மட்டும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.