தூங்கும் ஊசிகள்

தையற்கடை அக்கா எட்டு வருடமாக ஊசி குத்திவைத்தது பஞ்சுத் திண்டில் அல்ல, உயிருள்ள ஒரு முள்ளெலியின் முதுகில். கண்ணாடி போட்டால் வயது தெரிந்துவிடுமே என்று அவர் போடவில்லை. ஊசி முள்ளுக்கு நடுவில்தான் போனது, சொறிந்துவிட்டதுபோல் அதற்கும் சுகம். பகல் முழுக்க மேசையில் அடித்துப்போட்டதுபோல் தூங்கும். கடை சாத்தியதும் கதவிடுக்கில் நழுவிப்போய் வண்டும் புழுவும் தின்றுவிட்டு, விடிவதற்குள் வந்து படுத்துக்கொள்ளும். ஓர் ஊசி குறைந்ததில்லை, ஒருமுறை கூடுதலாக ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் பகல் தூக்கமெல்லாம் ஊசிகளில் ஊறி, தைத்த துணியிலும் இறங்கியது. புது அங்கியோடு தீர்ப்பு வாசித்த நீதிபதி ஒரு கொட்டாவி விட, கைதியும் காவலரும் தோளில் தோள் சாய்த்து மறுநாள்வரை குறட்டை விட்டார்கள்.

கண்டுபிடித்தவர் அக்காவின் கணவர், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். "ஏம்மா, உன் திண்டு தும்முது." "தூசி தட்டி வைங்க, தும்மாது." பிறகு அவருடைய கண்ணாடியைப் பிடுங்கிப் போட்டுப் பார்த்த அக்கா, முள்ளெலியைத்தான் திட்டினார்: "இத்தனை நாளா வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

மழை பொய்த்த வருடம் பூச்சி அற்றுப்போனது. முள்ளெலி பந்தாகச் சுருண்டு நெடுந்தூக்கத்தில் விழ, முள்ளோடு முள் இறுகி ஊசிகள் சிக்கிக்கொண்டன. அப்போதுதான் மகள், மாதம் நிறையாமல் பிறந்த குழந்தையோடு வந்தாள். பிறந்ததிலிருந்து அது கண் மூடவில்லை, நாளுக்கு நாள் இளைத்தது. தூங்கினால்தான் பிழைக்கும் என்றார் மருத்துவர்.

கணவர் குறடு எடுத்தார். "ஒரே இழுப்பு. ஒரு ஊசி போதும்."

"கைய வச்சுப் பாருங்க! தூங்குற உசுர எழுப்பியா இன்னொண்ணத் தூங்கவைக்கிறது?"

"அம்மா, என் பிள்ளைம்மா," என்றாள் மகள். அக்கா, வெட்டிவைத்திருந்த சின்னச் சட்டைத் துணியில் குழந்தையைத் துடைத்து, அந்தத் துணியைப் பந்தின் அருகில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

புது வாசனை கண்டால் முள்ளெலி சும்மா இருக்காது. மூக்கு மட்டும் முதலில் வெளியே வந்தது. துணியை மென்றது, நுரை தள்ளியது, உடம்பை முறுக்கி அந்த நுரையை முதுகெல்லாம் பூசிக்கொண்டது. முட்கள் தளர்ந்து ஓர் ஊசி தானாக மேசையில் விழுந்தது. சட்டை தைத்து மாட்டியதும் குழந்தை விட்ட கொட்டாவியில் தெருவே இரண்டு நாள் தூங்கியது.

பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். பகலில் தூங்குவாள் என்று அவள் மேசையில் ஆசிரியை ஒரு தலையணை போட்டுவைத்திருக்கிறார். ராத்திரி அவளும் முள்ளெலியும் சேர்ந்தே வெளியே போகிறார்கள். விடிந்ததும் அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஊசிகளை எண்ணுகிறார், பேத்தியின் கால்களைக் கழுவிவிடுகிறார், கடையைத் திறக்கிறார்.