கைக்கு வருவது எவ்வளவு

சம்பளப் பட்டியலின் நாற்பத்தோராம் வரிக்கு வந்ததும் யதுர்ஷிகா அடிமட்டத்தை அதன் கீழே வைத்து அசையாமற் பிடித்தாள். சுதாஜினி, தையல் இயந்திர இயக்குநர்: அடிப்படைச் சம்பளம், வரவுக் கொடுப்பனவு, மேலதிக நேரம் யாவும் சேர்த்து, சேமலாப நிதி கழித்து, கைக்கு வருவது ஐம்பத்து நாலாயிரத்து முந்நூறு ரூபாய். அதே பட்டியலின் கடைசிப் பக்கத்தில், மனிதவள உதவியாளர், யதுர்ஷிகா சிற்றம்பலம்: முப்பத்தொன்பதாயிரத்து ஐந்நூற்று அறுபது. கூட்டற்பிழை இருக்கவேண்டும் என்று முதல் மாதத்தில் நினைத்தாள். இது பதினான்காவது மாதம். இப்போது அப்படி நினைப்பதில்லை.

சுதாஜினி அவளோடு ஸ்கந்தபுரத்தில் ஒரே வகுப்பிற் படித்தவள். உயர்தரப் பரீட்சைக்கு முன்பே படிப்பை நிறுத்திவிட்டுக் கிளிநொச்சிக்கு அப்பாலுள்ள இந்த ஆடைத் தொழிற்சாலைக்கு வந்தாள். யதுர்ஷிகா வவுனியாவில் ஒரு தனியார் நிறுவனத்தில் மூன்றாண்டுகள் மனிதவள முகாமைத்துவம் படித்துவிட்டு அதே தொழிற்சாலைக்கு, அதே பேருந்தில் வந்து சேர்ந்தாள். வேறுபாடு ஒன்றுண்டு. சுதாஜினிக்குக் கடன் இல்லை.

யதுர்ஷிகாவின் படிப்புக்கு ஆறரை இலட்சம் முடிந்தது. வங்கி, அரச ஊழியர் இருவரைப் பிணை நிறுத்துமாறு கேட்டது. வயலையும் வரம்பையும் தவிர வேறொன்றும் அறியாத குடும்பத்துக்கு அரச ஊழியர்கள் எங்கிருந்து கிடைப்பர்? எனவே தாய் கமலாசனி, ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிணைநிற்கும் கிராமத்துக் கடன் குழுவிற் சேர்ந்தாள். அங்கே படிப்புக்குக் கடன் கிடையாது. ஆட்டுக்குக் கடன் உண்டு. ஆகவே யதுர்ஷிகாவின் பட்டப்படிப்பு ஏடுகளில் எட்டு ஆடுகளாகப் பதியப்பட்டது. அலுவலர் பார்வையிட வரும் நாளில் குழுவைச் சேர்ந்த மீனம்மா தன் ஆடுகளை வேலியில் இருந்த பொட்டு இடைவெளியால் கமலாசனியின் முற்றத்துக்கு ஓட்டிவிடுவாள். அவர் போனதும் திருப்பி ஓட்டிக்கொள்வாள். ஒருமுறை அலுவலர், "போன முறை இந்தக் கிடாய்க்கு நெத்தியிலை வெள்ளை இல்லையே?" என்று கேட்டார். "நரைச்சுப் போட்டுது, தம்பி," என்றாள் கமலாசனி.

ஒரு கடனை அடைக்க மறுகடன் எடுத்தார்கள். இப்பொழுது வாரத்துக்கு நாலாயிரத்து இருநூறு. இன்னும் தொண்ணூற்றிரண்டு வாரங்கள். கமலாசனியால் கட்ட இயலாத வாரங்களில் மற்ற நால்வரும் பங்கிட்டுக் கட்டினார்கள். முகஞ்சுழிக்காமற் கட்டியவள் மீனம்மா. அவள் சுதாஜினியின் தாய்.

ஒரு வழி திறந்தது. தொழிற்சாலையில் மனிதவள அலுவலர் பதவி வெற்றிடமாயிற்று, சம்பளம் அறுபத்தையாயிரம். மாத முடிவுக்குள் பட்டச் சான்றிதழின் மூலப்பிரதியைக் காட்டவேண்டும் என்றார்கள். அந்த மூலப்பிரதியை நிறுவனம் பிடித்து வைத்திருந்தது. பட்டமளிப்புக் கட்டணம் என்று, சேரும்போது ஒருவரும் சொல்லியிராத எண்பத்தையாயிரம் ரூபாயைக் கட்டினால்தான் தருவார்களாம். பணம் வாங்கும் வரையில் மாணவி என்றும், வாங்கி முடித்தபின் கடன்காரி என்றும் ஒரு பெண்ணை அழைக்கும் இடத்தைக் கல்வி நிலையம் என்று சொல்வதற்கு நா கூசவேண்டும். அவர்களுக்குக் கூசவில்லை.

அந்நிறுவனத்தின் கிளிநொச்சி இணைப்பாளன் பிரதாபன், கமலாசனியின் தமையன் மகன். "வீட்டுப் பிள்ளைக்குப் பிழையான வழி காட்டுவனோ?" என்று சொல்லி யதுர்ஷிகாவைச் சேர்த்துவிட்டவன் அவனே. வெள்ளிக்கிழமை மாலை, வேலை முடிந்து வந்தவளை அவளது வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டு அவன் எதிர்பார்த்திருந்தான்.

"ஞாயிற்றுக்கிழமை ஸ்கந்தபுரம் பொதுமண்டபத்திலை எங்கடை கருத்தரங்கு. நீ ஒரு பத்து நிமிசம் கதைச்சாப் போதும், யது. பத்துப் பிள்ளையள் பதிஞ்சா உன்ரை எண்பத்தஞ்சையும் தள்ளுபடி செய்யலாமெண்டு பணிப்பாளர் சொல்லிப்போட்டார். சேட்டிபிக்கேற்றைக் கையோடை கொண்டுவாறன்."

"என்னத்தைக் கதைக்கிறது, அத்தான்?"

"உண்மையைத்தான். படிச்சன், உடனை வேலை கிடைச்சுது எண்டு. பொய்யே?"

பொய்யில்லைதான். குசினியிலிருந்து தேநீரோடு வந்த கமலாசனி மகளின் முகத்தைப் பார்த்தாள். பிரதாபன் தேநீரை வாங்கிக்கொண்டு மகிழ்ச்சியாகத் தொடர்ந்தான். "பத்துக்கு மேலை வாற ஒவ்வொரு பிள்ளைக்கும் உனக்கு முப்பதாயிரம் வரும். உன்னைச் சேர்த்ததுக்கு எனக்கு வந்ததுபோலை. அந்தக் காசிலைதானே மாமிக்கு அந்த மயில்கழுத்துச் சீலை எடுத்தந்தனான்!"

கமலாசனி, கையிலிருந்த தட்டத்தை மெல்ல நிலத்தில் வைத்தாள். நான்கு ஆண்டுகளாக அந்தச் சேலையை அவள் கோயிலுக்கு மட்டுமே உடுத்தாள். தமையன் மகன் தந்தது என்று அயலெல்லாம் சொன்னாள்.

"அப்ப என்னை வித்தனீங்கள்," என்றாள் யதுர்ஷிகா.

"சீ, என்ன கதை! எல்லா இடத்திலும் நடக்கிறதுதான். நீ மனிதவளம் படிச்சனி, உனக்குத் தெரியாதே?"

அவன் தேநீரைக் குடித்துவிட்டுப் போனான். பிறகு கமலாசனி, "சேட்டிபிக்கேற் வந்தா அந்த வேலை கிடைக்குமே, பிள்ளை?" என்று கேட்டாள். "ஓம், அம்மா." "அப்ப போய்க் கதை. கதைச்சுப்போட்டு வா," என்றவள், மகளின் பக்கம் திரும்பவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. உயர்தரம் எழுதிய பிள்ளைகளும், அவர்களைப் பெற்றவர்களும். மேடைக்குப் பின்னால் யதுர்ஷிகாவின் படம், பட்டத் தொப்பியோடு, ஆளுயரத்துக்குத் தொங்கியது. அந்தத் தொப்பியை அவள் ஒருநாளும் தலையில் வைத்ததில்லை. மேசையில், பிரதாபனின் கைக்கருகே, கண்ணாடி உறையொன்றினுள் சான்றிதழ் இருந்தது. அதில் தன் பெயர் பொன்னெழுத்தில் அச்சாகியிருப்பதை அவள் அப்போதுதான் முதன்முதலாகக் கண்டாள்.

மூன்றாவது வரிசையில் மீனம்மா, தன் இளைய மகளோடு. மீனம்மாவின் மடியில் பதிவுப் படிவம். அவர்களை ஸ்கூட்டியில் ஏற்றிவந்த சுதாஜினி வாசல் நிலையிற் சாய்ந்து நின்றாள். யதுர்ஷிகாவைக் கண்டதும் புருவத்தை உயர்த்தி, "என்ன, பெரிய ஆளாயிட்டாய்," என்பதுபோற் சிரித்தாள்.

யதுர்ஷிகா பேசினாள். படித்த பாடங்களைச் சொன்னாள். நேர்முகத் தேர்வைச் சொன்னாள். ஆறு மாதத்துக்குள் வேலை கிடைத்ததைச் சொன்னாள். ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. எல்லாம் சேர்ந்து என்ன ஆகிறது என்பது அவளுக்கு மட்டும் தெரிந்தது. கைதட்டல் முடியுமுன் மீனம்மா எழுந்தாள்.

"பிள்ளை, எனக்கு இந்தப் பாடமெல்லாம் விளங்காது. குழுவிலை நானும் ஆட்டுக்கெண்டு எழுதிக் குடுத்திட்டன். நாளைக்கு உன்ரை அம்மாதான் எனக்குப் பிணை. நீ சொன்னா நான் இப்பவே கையெழுத்து வைக்கிறன். கைக்கு எவ்வளவு வருது?"

பிரதாபன் ஒலிவாங்கியை எட்டிப் பிடித்தான். "அன்ரி, சம்பளம் கேக்கக்கூடாது. ஆனா ஒண்டு சொல்லுறன், மிசின் அடிக்கிற பிள்ளையள் மாதிரியில்லை. அதுகள் எடுக்கிறதைப்போலை ரெண்டு மடங்கு!"

மண்டபம் சிரித்தது. கண்ணாடி உறையின் மேல் மின்விசிறியின் நிழல் சுழன்றுகொண்டிருந்தது. மீண்டும் உட்கார்ந்த மீனம்மாவின் பேனை மடியிலிருந்த படிவத்தை நோக்கிக் குனிவதை யதுர்ஷிகா பார்த்தாள்.

"இல்லை," என்றாள். ஒலிவாங்கி இல்லாமலே அது கடைசி வரிசை வரையிற் கேட்டது. "எனக்கு முப்பத்தொன்பதாயிரத்து ஐந்நூற்று அறுபது. அதிலை பதினாறாயிரத்துக்கு மேலை கடனுக்குப் போகுது. சுதாஜினி மிசின்தான் அடிக்கிறாள். அவள் போன மாதம் ஐம்பத்து நாலாயிரத்து முந்நூறு எடுத்தவள். பட்டியல் எழுதுறது நான்தான், அன்ரி. எனக்குத் தெரியும்."

பிரதாபன் சிரிப்பை முகத்தில் வைத்துக்கொண்டே கண்ணாடி உறையை எடுத்துப் பைக்குள் இட்டு அதன் ஸிப்பை இழுத்து மூடினான்.

மீனம்மாவோ அவனைப் பார்க்கவில்லை. படிவத்தையும் பார்க்கவில்லை. "ஐம்பத்து நாலோ?" என்று மெல்லக் கேட்டாள். "என்ரை பிள்ளை எனக்கு முப்பத்தஞ்செண்டெல்லோ சொன்னவள்? முப்பத்தஞ்சுதானே கொண்டந்து தாறவள்?"

மண்டபத்தில் இருந்த அத்தனை தலைகளும் வாசலை நோக்கித் திரும்பின. ஒரு தொழிலாளியின் சம்பளத்தை மற்றொருவர் அறியச் சொல்வதில்லை என்பது யதுர்ஷிகா படித்த முதலாண்டின் முதற்பாடம். பரீட்சையில் அதற்கு முழுப்புள்ளி வாங்கியிருந்தாள். "சுதா," என்றபடி மேடையின் ஓரத்துக்கு வந்தாள்.

சுதாஜினி யதுர்ஷிகாவை ஒருமுறை, நேராகப் பார்த்தாள். அப்பார்வையிற் கோபமிருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கினாள்.

வெளியே ஸ்கூட்டியின் தொடக்கி இழுபட்டு நின்றது. மறுபடியும் இழுபட்டது, பற்றவில்லை. மீண்டும் இழுபட்டது. உள்ளே ஒருவரும் அசையவில்லை. பிள்ளைகளும் பெற்றவர்களும் மடியிற் படிவங்களை வைத்தபடி, அது பற்றுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.