பிரீனாவின் தாடையில் வைத்த சாரம்

டாக்டர் ஆதிரா அவர்களுக்கு,

என் மகள் பிரீனாவின் தாடையில் வைத்த சாரத்தைப் போன செவ்வாய்க்கிழமை வெளியே எடுத்தீர்கள். அதில் எலும்பு கொஞ்சமும் வளரவில்லை, உடம்பு அதைச் சுற்றிச் சவ்வால் மூடி ஒதுக்கிவிட்டது என்றீர்கள். "வேறு மருந்து ஏதாவது கொடுத்தீர்களா?" என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். அது பொய். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

கட்டியோடு எலும்பை அறுத்து எடுத்த அன்று, நான் கொத்தனார் என்பதால் எனக்கு விளங்கும்படி சொன்னீர்கள். நீங்கள் வைத்தது, சுவர் எழுப்ப நாங்கள் ஏறி நிற்கும் சாரம் மாதிரிதான், எலும்பு கட்ட வேண்டியது உடம்பு. முதலில் ரத்தத்தின் காவல் அணுக்கள் வந்து, அந்நியப் பொருள் என்று சண்டை போடும். முகம் வீங்கும். பிறகு அவையே தணிந்து, எலும்பு கட்டும் அணுக்களை அழைத்து வரும். வீக்கத்துக்குப் பயந்து மாத்திரை கொடுக்கக் கூடாது என்றீர்கள். தலையாட்டினேன்.

பத்தாம் நாள் ஞாயிறு. எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். மணமக்கள் பெயரைச் சொல்லி, தடை உண்டா என்று சபையைக் கேட்பது. பிரீனாவுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை சிஜின் வீட்டில், கடைவாய்ப்பல் எடுத்ததாக மட்டும்தான் சொல்லியிருந்தோம். அந்த ஞாயிறு முதல் ஓலைக்கு அவனுடைய அம்மா எங்கள் சபைக்கே வருவதாகப் போன் வந்தது.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை என் தங்கை ராகேல் வந்தாள். குவைத்தில் இருபது வருடம் நர்ஸாக இருந்தவள்.

"அண்ணா, இந்த மொகத்தோடயா பிள்ளைய கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவிய? ஸ்டீராய்டு குடுத்தா ரெண்டு நாள்ல வீக்கம் அமந்திரும்."

"ஏட்டி, டாக்டர் கூடாதுன்னு சொல்லியிருக்காவ."

"டாக்டரா வந்து ஓல வாசிக்கப் போறாவ?"

என் மனைவி ரத்தினம் சிரித்துவிட்டாள். நானும்தான்.

"இது என்ன மாத்திரப்பா?" என்று பிரீனா கேட்டாள்.

"சத்து மாத்திர, மக்கா."

ஞாயிறன்று வீக்கம் இல்லை. "பல்லு எடுத்த பிள்ளன்னு ஆரும் சொல்லமாட்டாவ" என்று சிஜினின் அம்மா கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். மூன்றாம் ஓலை வரை தினமும் கொடுத்தேன். தடை சொல்ல யாரும் எழவில்லை. கல்யாணம் நடந்தது.

மூன்றாம் மாதம் கன்னம் குழிந்து வலி வந்தபோது, தாடை எலும்பை அறுத்தது சிஜின் வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. அவனுடைய அம்மாவே பிரீனாவை எங்கள் வாசலில் கொண்டு விட்டாள்.

"வெல கூடின சாமான வச்சும் ஏத்துக்காத ஒடம்பு. எங்க வீட்டயா ஏத்துக்கப் போவுது?"

பிரீனா அதை நம்பிவிட்டாள். நீங்கள் இன்னொரு முறை வைத்துப் பார்க்கலாம் என்று சொல்லியும் மாட்டேன் என்கிறாள். "எனக்க ஒடம்பு சரியில்லப்பா, எதையும் சேத்துக்காது" என்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முப்பது வருடம் சாரத்தில் நின்றவன் நான். முதல் நாளே வேலையாட்களை அடித்து விரட்டினால் சுவர் எழும்பாது என்று எனக்குத் தெரியாதா? அவள் உடம்பு தன் வேலையைச் சரியாகத்தான் தொடங்கியது. நிறுத்தியவன் நான். உங்கள் குறிப்பில் அப்படியே எழுதிவிடுங்கள்.

திங்கட்கிழமை தையல் பிரிக்க அவள் தனியாக வருவாள். இந்தக் கடிதத்தை உறை ஒட்டாமல் அவளிடமே கொடுக்கிறேன். அவளிடம் நேரில் சொல்ல எனக்கு நா எழவில்லை. பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். வாசித்துவிடுவாள்.

இப்படிக்கு,
செல்வதாஸ்